விரலுக்கேற்ற விசை

பாலக்காட்டு அக்ரஹாரங்களில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் முடித்த பையனுக்கு இன்னும் இரண்டு பாடங்கள் பாக்கி இருந்தன. ஒன்று ஷார்ட்ஹேண்ட், மற்றது டைப்ரைட்டிங். இரண்டிலும் தேறி, சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒலவக்கோட்டில் ரயிலேறினால், பம்பாயிலோ கல்கத்தாவிலோ தில்லியிலோ ஒரு நாற்காலி காத்திருந்தது. இடது கைக்கு 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்', வலது கைக்கு அதன் மறுபாதி என்று ஸ்லோகம் போல உருப்போட்ட விரல்கள் பல குடும்பங்களைக் கரையேற்றின. அந்த விரல்களுக்கு மெஷினின் குணம் தெரியும். எது லேசாக ஓடும், எதில் ஸ்பிரிங் கனம், எதில் ஒரு எழுத்து மட்டும் மக்கர் செய்யும் என்பதெல்லாம் அத்துப்படி.

அந்த மெஷின்கள் போய்விட்டன. 1955ல் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் தயாரிக்கத் தொடங்கிய கோத்ரெஜ், ஆபீஸ் டைப்ரைட்டர் உற்பத்தியை 2009ல் நிறுத்திக்கொண்டது. கம்ப்யூட்டரோடு வந்த மலிவு கீபோர்டில் ஓசையும் இல்லை, குணமும் இல்லை. இப்போது, யாரும் எதிர்பாராதபடி, அந்த ஓசை திரும்பி வந்திருக்கிறது. வேலைக்காக அல்ல, பொழுதுபோக்காக. தனக்குப் பிடித்த விசைப்பலகையைத் தேடி வாங்குவதும், பிரித்து மேய்ந்து மாற்றிக் கட்டுவதும் உலகெங்கும் இளைஞர்களைப் பிடித்திருக்கும் புதுப் பைத்தியம். இதற்கு மெக்கானிகல் கீபோர்டு என்று பெயர்.

விஷயம் எளிது. சாதாரண கீபோர்டில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. விரல் அழுத்தும்போது ரப்பர் குமிழ் நசுங்கி அடித்தகட்டைத் தொட்டால்தான் எழுத்து விழும். மெக்கானிகல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச். அதனுள் ஒரு ஸ்பிரிங், ஒரு பிளாஸ்டிக் தண்டு, தொட்டு விலகும் இரண்டு உலோகத் தகடுகள். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் என்றால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. நாள் முழுவதும் அடிப்பவருக்கு இந்தப் பாதி தூரம் பெரிய நிம்மதி.

இந்த வகை ஸ்விட்சுகளில் பெயர் பெற்றது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த எம்எக்ஸ். காப்புரிமைக் காலம் முடிந்ததும் சீனாவிலிருந்து அதே அச்சில் பல நிறுவனங்கள் கிளம்பின. விலை இறங்கியது, பொழுதுபோக்கு பரவியது.

தேர்வு நிறத்தில் ஆரம்பிக்கிறது. சிவப்பு ஸ்விட்ச் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பிரவுனில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்படும், 'எழுத்து விழுந்துவிட்டது' என்று சொல்வது போல. நீலத்தில் மேடும் உண்டு, 'டக்' என்ற ஒலியும் உண்டு. அழுத்தம் சுமார் 60 கிராம். டைப்ரைட்டரில் பழகிய கை நீலத்தைத்தான் தேடிப் போகும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் பிரவுனோ சிவப்போ உத்தமம். நம் ஊர்க்காரர்கள் பலர் தெரியாமலே நீல ஸ்விட்சின் ரசிகர்கள். டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸின் 'கோல்டு' கீபோர்டு, செர்ரி ஸ்விட்சுகளின் அதே டக் ஒலியோடு, டி.டி.பி. கடைகளிலும் அலுவலகங்களிலும் இந்தப் பொழுதுபோக்கு பிரபலமாவதற்கு வெகு முன்பே குடிபுகுந்துவிட்டது.

அடுத்து விசையின் மூடி. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மூடி விரலின் எண்ணெயும் வியர்வையும் பட்டு நாளடைவில் பளபளத்துவிடும். பி.பி.டி. கொஞ்சம் சொரசொரப்பானது, சீக்கிரம் தேயாது. பாலக்காட்டு மார்ச் வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அடிப்பவர் இரண்டாவதை வாங்குவது நல்லது. கணவாய் வழியாக வீசும் காற்று கொண்டுவரும் புழுதி ஸ்விட்சுக்குள் இறங்கினால் ஒரு தடவை அடித்தது இரண்டு தடவை விழும். மூணாறு, பீர்மேடு பக்கம் எதிரி வேறு: ஈரம். உலோகத் தகடுகளுக்கு அது ஆகாது. வேலை முடிந்ததும் மூடி வைப்பதும், மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைப்பதும் செலவில்லாத வைத்தியம்.

இதெல்லாம் தேர்வு. அதற்கு மேல்தான் ரசிகர்களின் கைவேலை. சாலிடரிங் இல்லாமல் ஸ்விட்சைப் பிடுங்கி வேறு சொருகும்படியான பலகைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு ஸ்விட்சையும் திறந்து, மெல்லிய தூரிகையால் கிரீஸ் தடவி, ஸ்பிரிங்கை மாற்றி மூடுகிறார்கள். 104 விசையா, எண் பகுதி இல்லாத 87 விசையா, 61 விசைக் குட்டியா என்பதில் மணிக்கணக்காக விவாதம். கணக்கு எழுதுபவருக்கு எண் பகுதி இல்லாமல் முடியாது. கதை எழுதுபவருக்கு அது வெறும் இட அடைசல். கியூஎம்கே என்ற இலவச மென்பொருளைப் பலகைக்குள் ஏற்றினால் எந்த விசை எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதையே மாற்றி எழுதலாம்.

ஓசையும் ஸ்பிரிங்கும் நிறமும் இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆனால் விசைக்கு மேல் எந்த எழுத்து என்ற கேள்வியைத் தமிழர்கள் அநேகமாகக் கேட்பதில்லை. அதைக் கேட்டால்தான் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு உபயோகம் பிறக்கும்.

தமிழுக்காக விசைகளை மாற்றுவது புதிய காரியமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர்.முத்தையா, 247 எழுத்துகளை ஒரு டைப்ரைட்டருக்குள் அடக்கும் வித்தையைக் கண்டார். ஷிப்டையும் சேர்த்து சுமார் 90 குறிகளுக்கு மட்டுமே அதில் இடம். புள்ளியும் கொக்கியும் அடிக்கும்போது வண்டி நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். 1930களில் அவருடைய மெஷின் ஜெர்மனியில் தயாராகி வந்தது. 1978ல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம், தனி உருவம் கொண்டிருந்த ணா, றா, னா போன்றவற்றை ஒழுங்குபடுத்தி இன்னும் கொஞ்சம் பாரம் குறைத்தது. ஒரு விசையை மாற்ற அன்று ஒரு மனிதரின் வாழ்நாளும் ஒரு ஜெர்மன் தொழிற்சாலையும் வேண்டியிருந்தன. இன்று அரை மணி நேரம் போதும்.

காரணம், கீபோர்டுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. அது கம்ப்யூட்டருக்கு அனுப்புவது எண்ணை மட்டும். யுஎஸ்பி விதிப்படி 'ஏ' விசையின் எண் 4, 'பி' விசையின் எண் 5. அந்த 4ஐ 'ஏ' என்று படிப்பதா, 'அ' என்று படிப்பதா என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து தமிழக அரசு அறிவித்த 'தமிழ்99' வரிசையில் 4 என்றால் 'அ'. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும், தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. தமிழ் வழிப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. ஆனால் கேரளப் பள்ளிகளில் 2001ல் தொடங்கிய கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் மலையாளத்துக்குக் கற்றுத்தருவது இன்ஸ்கிரிப்ட் வரிசை. மத்திய அரசு 1980களில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்தது அது. வாளையாறு தாண்டிக் கோவைக்கு வந்தால் தமிழ்99. தமிழக அரசின் தட்டச்சுத் தேர்வுக்கு உட்கார்ந்தால் பழைய டைப்ரைட்டர் வரிசை. ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரே மொழிக்கு மூன்று விரல் பாஷை.

மூன்றும் வேண்டாம் என்று செல்போன் தலைமுறை நாலாவது வழிக்குப் போய்விட்டது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் வழி. கற்க ஒன்றுமில்லை, சௌகரியம்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் சௌகரியத்தின் விலை தெரியும். 'மழை' என்று அடிக்க இந்த வழியில் ஐந்து அல்லது ஆறு தட்டு. தமிழ்99ல் ம, ழ, ஐ என்று மூன்று. ஷிப்டும் வேண்டாம். இன்ஸ்கிரிப்டிலும் மூன்றுதான், 'ழ'வுக்கு மட்டும் ஷிப்ட். விரல் தமிழை நேராகத் தொடுகிறதா, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறதா என்பது ஒரு பக்கக் கட்டுரை அடிக்கும்போது மணிக்கட்டுக்குத் தெரியும்.

எல்லையில் இருப்பவருக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. இன்ஸ்கிரிப்டில் மலையாளத்தின் க, த, ப, ம, ல இருக்கும் விசைகளில்தான் தமிழின் க, த, ப, ம, ல இருக்கின்றன. ழ, ள, ற, ண கூட அப்படியே. மலையாளத்தில் 'மழ' என்று அடித்த அதே விரல்கள், ஐகாரத்துக்கு ஒரு விசையைக் கூட்டினால் தமிழில் 'மழை' ஆகிவிடும். பள்ளியில் மலையாளம் அடிக்கக் கற்ற கொழிஞ்சாம்பாறை மாணவிக்கு முக்கால்வாசி தமிழ் கீபோர்டு ஏற்கெனவே தெரியும். இதை யாராவது எடுத்துச் சொன்னால் போதும்.

ஏன் சொல்ல வேண்டும்? அரசியல் சட்டத்தின் 350வது பிரிவு, ஒரு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குடிமகன் தன் குறையை அதிகாரிக்கு எழுதித் தரலாம் என்கிறது. மூணாறு எஸ்டேட் தொழிலாளியும் தமிழில் எழுதித் தரலாம். உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைக் காகிதத்தில் கொண்டுவர யாராவது தமிழில் அடிக்க வேண்டும். தமிழ் அடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் தெரிந்த மொழியில் சொன்னது தெரியாத மொழியில் தட்டச்சாகும், படித்துப் பார்க்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிவரும். அடித்துக் கொடுப்பவர் அதே ஊர்ப் பெண்ணாக இருந்தால் அவருக்கு ஒரு பிழைப்பும் ஆகும். பாலக்காட்டு விரல்கள் ஒரு காலத்தில் ஆங்கிலத்தை வைத்துப் பிழைத்த மாதிரி.

கொரியாவைப் பார்க்கலாம். அங்கே கடையில் வாங்கும் சாதாரண கீபோர்டிலேயே ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் ஹங்குல் எழுத்தும் அச்சாகியிருக்கிறது. மெய் இடது பக்கம், உயிர் வலது பக்கம்: தமிழ்99ஐக் கண்ணாடியில் பார்த்தது போல. பிள்ளைகள் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள். ஆங்கிலம் வழியாகச் சுற்றிவரும் தேவையே எழவில்லை.

தமிழ் எழுத்து அச்சிட்ட நல்ல மூடிகள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. இந்த வட்டாரத்தில் புது மூடிகள் வருவது, குறைந்தது இத்தனை செட் என்று ஆர்டர் சேர்ந்த பிறகுதான். சேர்ப்பதற்கு ஒரு கல்லூரியோ நூலகமோ முன்வந்தால் ஆகாத காரியமில்லை. அதுவரை சில எளிய வழிகள் உண்டு. தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் இரண்டும் விண்டோஸிலும் லினக்ஸிலும் இலவசம். வேலை கேரளத்தில் என்றால் இன்ஸ்கிரிப்ட், தமிழகத்தில் என்றால் தமிழ்99 என்று ஒன்றை முடிவு செய்து, தினமும் இருபது நிமிஷம் அதிலேயே அடிக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்றால் இரண்டும் வராது. மூடியில் ஸ்டிக்கர் ஒட்டலாம், மாதக்கணக்கில் அது தாங்கும். அதற்குள் கண் பார்ப்பதை நிறுத்தியிருக்கும். விண்டோஸில் மொழி மாற்ற இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். மெக்கானிகல் கீபோர்டு வைத்திருப்பவர் அந்த வேலையை யாரும் தொடாத கேப்ஸ் லாக் விசைக்குக் கொடுத்துவிடலாம். ஒரு தட்டு தமிழ், மறு தட்டு மலையாளம். எல்லையில் வாழ்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் கிடையாது.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். கீபோர்டுக்குச் செலவழிப்பதிலும் அந்த அளவு வேண்டும்தான். ஆனால் ஸ்விட்சுக்குள் கிரீஸ் தடவுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பவர், 'ழ' எந்த விசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாம். ஓசை காதுக்கு. எழுத்துதான் ஊருக்கு.