தன்னம்பிக்கை மட்டும் போதுமா?

அழகிப் போட்டிக்குத் தயாராகும் பெண்ணுக்கு எல்லோரும் தரும் அறிவுரை, ‘தன்னம்பிக்கையோடு நில்’ என்பதுதான். நிறத்தையும் தெருவையும் சொல்லிச் சொல்லிக் கூனவைத்த சமூகம், மேடையேறியதும் நிமிரச் சொல்கிறது.

மிஸ் இந்தியா பட்டியலில் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண் ஒருவர்கூட இல்லை என்று 2024 ஆகஸ்டில் பிரயாக்ராஜில் ராகுல் காந்தி பேசினார். அழகிப் போட்டியிலும் இடஒதுக்கீடா என்ற கிண்டல்தான் வந்தது. ‘அழகு எது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?’ என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

1970 மிஸ் வேர்ல்டு போட்டிக்கு, நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். நாட்டின் பெயர் வெள்ளைப் பெண்ணுக்கு. வெள்ளையரல்லாத பேர்ல் ஜான்சனுக்கு ‘ஆப்பிரிக்கா சவுத்’ என்ற பட்டை. பேர்ல் இரண்டாமிடம் பெற்றார். 2019இல் அதே நாட்டின் சோசிபினி டுன்சி, கறுப்பு நிறத்தோடும் ஒட்ட வெட்டிய சுருள்முடியோடும் மிஸ் யுனிவர்ஸ் ஆனார். இடையில் மாறியது பெண்களின் முகமல்ல. போராட்டம் மாற்றிய அரசும் சட்டமும்.

இங்கே 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது.

எங்கள் இளையரசனேந்தல் பக்கமிருந்து போட்டிக்குப் போக நினைக்கும் தங்கைக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகப் போ. நடையைப் பழகு. ஆங்கிலம் வரவில்லையென்றால் தமிழில் பதில் சொல்லிப் பழகு. மிஸ் யுனிவர்ஸ் மேடையிலேயே மொழிபெயர்ப்பாளர் உண்டு. முகத்தை வெளுக்கக் காசைக் கரைக்காதே. தோற்றால் கண்ணாடியைப் பார்க்காதே. நடுவர் வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்.