மைசூருக்கு வந்த விருந்தினர்

கறுப்பின மக்களின் சரித்திரத்தைக் குறித்துக் கல்லூரிகளில் விசேஷச் சொற்பொழிவுகள் நிகழ்வதும், பல பண்பாட்டு மாணாக்கர் கூடிப் பயிலும் கல்விமுறை பற்றிப் பேராசிரியர்கள் உபந்நியசிப்பதும் வரவேற்கத் தக்கனவே. ஆயினும், கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் கொங்கணியும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பாடம் கேட்கும் பெங்களூரில், அச்சரித்திரம் கடல் கடந்த தேசத்தாரின் துயரக் கதையாக மட்டும் சொல்லப்பட்டு, கேட்டவர் இரங்கி, கைதட்டி, தேநீர் அருந்திக் கலைவதோடு முடியுமாயின், அதனால் விளையும் பிரயோஜனம் அற்பமே என்பது எமது அபிப்பிராயம்.

1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைசூரில் கூடிய ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து பெஞ்சமின் மேஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞர் வந்திருந்தார். அடிமைகளாய்ப் பிறந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குத் தென் கரோலினாவில் மகனாய்த் தோன்றி, ஹோவர்டு சர்வகலாசாலையின் சமயக் கல்விப் பிரிவுக்குத் தலைவராய் உயர்ந்திருந்த அவரை, தீண்டாதார் எனப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்காகக் கிராமமொன்றில் நடந்துவந்த பள்ளியின் தலைமையாசிரியர் பேச அழைத்து, அமெரிக்க தேசத்தில் தீண்டாதவராய்ப் பிறந்தும் மேன்மையுற்றவர் இவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைத்தார். மேஸ் திகைத்தார், உள்ளூரச் சினமும் கொண்டார். பிறகு, தம் நாட்டு ரயில் வண்டிகளிலும் ஓட்டல்களிலும் தமக்கும் தம்மவர்க்கும் விதிக்கப்பட்டிருந்த இடம் இன்னதென்று எண்ணிப் பார்த்தபோது, அந்த ஆசிரியர் உரைத்தது மெய்யே என ஒப்புக்கொண்டார்; பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அதை மறையாது எழுதியும் வைத்தார். மோர்ஹவுஸ் கல்லூரியில் அவரைக் குருவாய்க் கொண்ட மார்ட்டின் லூதர் கிங்கும், 1959-இல் இந்தியா வந்தபோது கேரளத்துப் பள்ளியொன்றில் தமக்கும் இத்தகைய அறிமுகமே கிட்டியதாகப் பின்னாளில் தம் சபையாருக்குச் சொன்னார்.

மைசூர்ச் சீமையில் அன்று பாடம் கற்பித்தவர் விருந்தினர் அல்லர், அவரை அழைத்தவரே. 1873-இல் ‘குலாம்கிரி’ என்னும் தம் நூலை அமெரிக்க அடிமைத்தளையை அறுத்த மக்களுக்குக் காணிக்கையாக்கிய ஜோதிராவ் புலேயும், 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் வரைந்த அம்பேத்கரும் கண்டுணர்ந்த, சாதிக் கொடுமைக்கும் நிறக் கொடுமைக்கும் உள்ள உறவை, அக்கிராமத்து ஆசிரியரும் கண்டிருந்தார்.

அமெரிக்காவரை போவானேன்? பெங்களூரிலிருந்து ஓரிரவுப் பேருந்துப் பயணத்தில் உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு தாலூகாக்களை அடைந்தால், போர்த்துகீசியர் முதலானோரால் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்டு, கோவா முதலிய இடங்களினின்று தப்பிக் காடு புகுந்தோரின் சந்ததியாராகிய சித்திகளைக் காணலாம். ஒரே இனத்தாராயிருந்தும் ஹிந்துக்களாகவும் முகம்மதியராகவும் கிறிஸ்தவராகவும், கொங்கணியும் கன்னடமும் பேசி வாழும் இவர்களைவிடப் பன்முகப் பண்பாட்டுக்கு வேறு உதாரணம் யாது வேண்டும்? இவர்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றது 2003-இல்தான்; இவர்களுள் ஒருவராகிய சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமனம் பெற்றது 2020-இல். இவ்விரண்டையும் அறிந்த பட்டதாரிகள் நம் நகரில் எத்தனை பேர் தேறுவர் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த அறியாமை நிரபராதமானது அன்று. 2016 ஜனவரி இறுதியில், நகரின் வடபுறத்தே சூடான் நாட்டு மாணவரொருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண்மணி உயிரிழக்க, சற்று நேரத்துக்குப்பின் அவ்வழியே வந்த, விபத்தோடு யாதொரு சம்பந்தமுமற்ற தான்சானிய மாணவியை ஒரு கும்பல் தாக்கி, அவர் வந்த காரையும் கொளுத்தியது. நிறம் ஒன்றே அவர்களுக்குப் போதிய சாட்சியமாயிருந்தது.

ஆகவே கல்லூரி முதல்வர்களுக்கு எமது விண்ணப்பம் இது: அடுத்த முறை இப்பொருள் பற்றி உரையாற்ற அயல்நாட்டுப் பேராசிரியரை அழைக்கும்போது, எல்லாப்பூரிலிருந்து ஒரு சித்திப் பெரியவரையும், உங்கள் விடுதியிலேயே தங்கிப் பயிலும் ஆப்பிரிக்க மாணாக்கர் ஒருவரையும் அதே மேடைக்கு அழையுங்கள். சன்மானத்தில் மட்டும் பேதம் காட்டாதீர்கள்.