சிக்கனமா, பசியா?

சிக்கனச் சமையலைப் போற்றும் கட்டுரைகள் பெருகிவிட்டன. மீந்த சோற்றில் நீரூற்றிப் பழையதாக்குவதும், வடிகஞ்சியைக் குடிப்பதும், பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்குவதும் முன்னோர் ஞானமாம். நாம் மறுக்கவில்லை. அந்த ஞானத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே நம் கேள்வி.

சிறுபாணாற்றுப்படையில் கிணைமகள் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். அது சிக்கனமன்று, வறுமை. மிச்சம் பிடிக்க ஏதேனும் இருந்தாலன்றோ சிக்கனம்?

அவள் நாணி மறைத்ததை இன்று மண்சட்டியிலிட்டு உணவகங்கள் விற்கின்றன. பழைய சோற்றை அங்கே பணங்கொடுத்து உண்டு மெய்சிலிர்ப்போரில் சிலரே, தமிழகத்தில் 2011 முதல் அட்டைதாரர்களுக்கு விலையின்றி வழங்கப்படும் நியாயவிலைக் கடை அரிசியை ஏளனம் செய்கின்றனர். ஏழைக்கு உலை கொதிப்பது அவர்களுக்கு இலவசம். தமக்குப் பழையது மரபு!

பழையதை நாம் இகழவில்லை. ஆனால், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியதை வழித்து உண்ட பெண்களின் அரைவயிறே நம் வீடுகள் பலவற்றின் சிக்கனம். அதற்குப் புகழ்மாலை சூட்டுமுன், சமைத்தவள் உண்டாளா என்று கேட்போம்.