வடசுவருக்கு வெயில் வரும் மாதங்கள்

கோயில் சிற்பங்களைப் படமெடுத்து அனுப்பும் நண்பர்களின் படங்களில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. தென்சுவரின் தட்சிணாமூர்த்தி ஆடை மடிப்பு, விரல் நுனிவரை துலங்க வந்திருப்பார். அதே கோயிலின் வடசுவரில் உள்ள பிரம்மாவும் துர்க்கையும் வெளிறித் தட்டையாக நிற்பார்கள். லென்ஸை மாற்றினால் இது தீராது. படமெடுக்கப் போன மாதம்தான் தவறு.

கிழக்கு நோக்கிய சிவன் கோயிலில் எந்தத் தெய்வம் எந்தக் கோட்டத்தில் (சுவர் மாடத்தில்) என்பது மரபு வகுத்தது. எந்தச் சுவரில் எப்போது வெயில் விழும் என்பதை அந்த ஊரின் அட்சரேகை வகுக்கிறது. செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் திருப்பணி செய்த விருத்தகிரீசுவரர் கோயில் இருக்கும் விருத்தாசலத்தையும், பக்கத்து நல்லூரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் வடக்கே சுமார் 11.5 பாகையில் இருக்கின்றன. அங்கே ஏப்ரல் 20ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன்பின் ஆகஸ்ட் 23 வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கேதான் நிற்கும். வடசுவருக்கு நண்பகல் வெயில் கிடைப்பது இந்த நான்கு மாதங்களில் மட்டுமே. நாமோ வெக்கைக்கு அஞ்சி மார்கழி, தையில் கிளம்புகிறோம். அப்போது பொழுது முழுவதும் சூரியன் தெற்கே, துர்க்கைக்கு நிழல்தான்.

எந்தச் சுவரில் வெயில் எப்படி விழும் என்று முன்கூட்டியே அறிய ஒரு திசைகாட்டியும் மூன்று எண்களும் போதும். வடக்கிலிருந்து வலமாக அளந்தால், இந்த வட்டாரத்தில் ஜூன் 21 அன்று சூரியன் 66 பாகையில் எழும். மார்ச் 21இல் 90. டிசம்பர் 22இல் 114. சுவர் எந்தப் பாகையில் ஓடுகிறது என்று அளந்துவிட்டால் வெயில் அதன்மேல் எவ்வளவு சாய்வாக விழும் என்பது கழித்தல் கணக்கு. நேர் கிழக்கு மேற்காக ஓடும் வடசுவரை ஜூன் மாதக் காலை வெயில் 24 பாகைச் சாய்வில் உரசிக்கொண்டு போகும். தேய்ந்த கல்வெட்டு எழுத்தை மேலெழச் செய்வதற்கு இதைவிட நல்ல ஒளி எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. லண்டனில் எழும் சூரியன் ஒரு மணி நேரத்திலேயே சுமார் 12 பாகை பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நல்லூரில் ஜூன் மாதக் காலையில் முதல் இரண்டு மணி நேரத்துக்கு நான்கு பாகைகூட நகராது. கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். அதனால் முந்தின நாள் மாலை திசைகாட்டி வைத்துக் குறித்த இடம் மறுநாள் மதிலுக்குமேல் சூரியன் வந்த பிறகும் பொய்க்காது. ஆனால் மென்மையான ஒளி அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். டிரைபாடை இருட்டிலேயே நிறுத்திவிட வேண்டும்.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே ஓரிரு பாகைதான் வேறுபாடு. படத்துக்கு அது பொருட்டல்ல. இரும்புதான் எதிரி. கோட்டத்துக்குப் போட்ட கம்பிக் கதவு, உண்டியல், டிரைபாட் எதுவும் ஊசியை இழுக்கும். நாலடி தள்ளி நின்று அளவெடுங்கள். ஐரோப்பாவுக்கென்று சமன்செய்த திசைகாட்டியின் ஊசி இங்கே தென்முனை தாழ்ந்து அடியில் உரசும்; வாங்கும்போது பாருங்கள்.

சூரியனின் திசை காட்டும் செல்போன் ஆப் இருக்கிறதே என்பவர்களுக்கு: ஆப் தரும் பாகை சரியாகவே இருக்கும். அதைத் திரையில் எந்தப் பக்கம் வரைகிறது என்பது போனுக்குள் இருக்கும் காந்த உணரியைப் பொறுத்தது. உறையில் காந்தப் பூட்டு இருந்தால் அம்புக்குறி வேறெங்கோ காட்டும். எண்ணை ஆப்பில் பார்த்து, திசையை ஊசியில் பாருங்கள். நண்பகல் என்று 12 மணியையும் நம்ப வேண்டாம். விருத்தாசலத்தில் சூரியன் உச்சம் தொடுவது பிப்ரவரி நடுவில் சுமார் 12.27க்கு; நவம்பர் தொடக்கத்தில் 11.56க்கு.

அனுமதிக் கடிதத்தில் தேதி எழுதுவதற்கு முன்பே எந்தச் சுவர் என்பதை முடிவு செய்யுங்கள். இந்த இதழுக்குச் சிற்பப் படம் அனுப்புவோர் இனி எடுத்த தேதி, மணி, சுவர் நோக்கும் பாகை மூன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டுகிறோம். படத்தின் அடியில் அவற்றையும் அச்சிடுவோம்.