பேக்கப் எடு, எடு என்கிறார்கள்... எந்த டிஸ்கில் என்று யார் சொல்வது?

கம்ப்யூட்டர் செத்துப்போனவனைப் பார்த்து ஊரே கேட்கிற முதல் கேள்வி, "பேக்கப் எடுத்தியா?" துக்க வீட்டில் போய் "இன்சூரன்ஸ் இருந்துச்சா?" என்று கேட்பது மாதிரி. இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கடுப்பாகிறது மக்களே. ஏனென்றால் எடுத்தவனும்தான் மாட்டிக்கொள்கிறான். பேக்கப் மென்பொருளும் டிஸ்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விஷயத்தை மூடி மறைத்து விற்கிறார்களே, தப்பு அவர்கள் மேல்.

நான் படிப்பது பி.காம். ஆனால் இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும்.

என் கிளாஸ் நண்பன் வீட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 32 ஜிபி பென் டிரைவ். அக்கா கல்யாண வீடியோ 11 ஜிபி, ஒரே கோப்பு. இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த பென் டிரைவ் கடையிலிருந்து வரும்போதே ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகி வந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 1996-ல் வந்த முறை அது. காசு கொடுத்து வாங்கிய பேக்கப் மென்பொருள் என்ன செய்தது? மீதி எல்லாவற்றையும் காப்பி செய்துவிட்டு, "முடிந்தது, 1 எச்சரிக்கை" என்று பச்சை டிக் போட்டது. எட்டு மாதம் கழித்து லேப்டாப் டிஸ்க் போனபோதுதான் அந்த 1 எது என்று தெரிந்தது. ஸ்டுடியோவில் கேட்டால் அவர்கள் எப்போதோ அழித்துவிட்டார்களாம்.

இதற்கு மருந்து இல்லாமலும் இல்லை. எக்ஸ்ஃபேட் 2006-லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் விவரங்களை மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் வெளியிட்டது 2019-ல். 13 வருஷம்!

சரி, பெரிய டிஸ்க் வாங்கினால்? பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்கில், 512 பைட் செக்டார் கணக்குப்படி, சுமார் 2.2 லட்சம் கோடி பைட்டுக்கு மேல் கணக்கில் வராது. 3 டிபி வாங்கினாலும் மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. 4096 பைட் செக்டார் மட்டுமே கொண்ட டிஸ்க் என்றால் விண்டோஸ் 7-க்கு ஆகாது. விண்டோஸ் 8-ல்தான் அதற்கு வழி பிறந்தது.

திரும்ப எடுக்கும்போது அடுத்த கூத்து. 1 டிபி டிஸ்கில் 200 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. விண்டோஸோடு வரும் வசதியில் சிஸ்டம் இமேஜ் எடுத்து வைத்திருக்கிறீர்கள். புதிதாக 512 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி அதில் மீட்கப் பார்த்தால் மறுத்துவிடும். புது டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருக்கக்கூடாதாம்! இந்த வசதியைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2017-ல் அறிவித்தது. ஆனாலும் விண்டோஸ் 11 கண்ட்ரோல் பேனலில் "விண்டோஸ் 7" என்ற பெயரோடு அது உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை யார் சொன்னார்கள்?

மென்பொருளின் கோப்பு முறை மாறினால் இன்னும் மோசம். எக்ஸ்பியில் என்டிபேக்கப் எழுதிய பிகேஎஃப் கோப்புகளை விஸ்டாவின் புது பேக்கப் திறக்கவில்லை. தனியாக ஒரு கருவியைத் தேடி இறக்க வேண்டியிருந்தது. ஆப்பிளும் விதிவிலக்கில்லை. டைம் மெஷின் டிஸ்கை விண்டோஸில் செருகினால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். தெரியாமல் "சரி" என்று அழுத்தினால் கதை முடிந்தது.

"படித்துப் பார்க்காமல் வாங்கியது உன் தப்பு" என்று சில கணினிப் புலிகள் வருவார்கள். ஐயா, எங்கே எழுதியிருந்தது படிப்பதற்கு? விளம்பரத்தில் "எந்த டிஸ்கிலும்" என்று கொட்டை எழுத்து. நிபந்தனையோ உதவிப் பக்கத்தின் மூலையில்.

எங்கள் பிசினஸ் லா பேப்பரில் 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் வருகிறது. பிரிவு 16: இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும். பெட்டியில் போட்டு விற்கும் மென்பொருள் சரக்குதான் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் டாடா கன்சல்டன்சி வழக்கில் சொன்னது. அது விற்பனை வரி வழக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரி வாங்கும்போது சரக்கு, குறை சொல்லும்போது மட்டும் "உள்ளது உள்ளபடி தரும் உரிமம்" என்றால் எந்த ஊர் நியாயம்? பேக்கப் மென்பொருளுக்கு இருக்கிற ஒரே காரியம் திரும்பக் கொடுப்பதுதானே!

நான் கேட்பது மூன்றே மூன்று:

1. வேலையைத் தொடங்கும் முன்பே டிஸ்கைச் சோதித்து, "இந்த டிஸ்க் ஆகாது, காரணம் இது" என்று புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். பிழை எண்ணைக் காட்டி மிரட்டக்கூடாது.
2. ஒரு கோப்பு விடுபட்டாலும் பச்சை டிக் போடக்கூடாது. கணக்கு டேலி ஆகாமல் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரை என்ன சொல்வோம்?
3. மீட்கும் கருவி என்றைக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சந்தா முடிந்தாலும், கம்பெனியே மூடினாலும், என் போட்டோ என்னுடையது.

அதுவரை நாம் செய்யக்கூடியது: முக்கியமான கோப்புகளை எந்த மென்பொருளுக்குள்ளும் அடைக்காமல் அப்படியே இரண்டு டிஸ்கில் காப்பி செய்யுங்கள். புது டிஸ்க் வாங்கியதும், எதையும் போடும் முன், என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள். வேறொரு கணினியில் செருகி நாலு கோப்பைத் திறந்து பாருங்கள், பெரிய கோப்பை முதலில்.

இனி யாராவது "பேக்கப் எடுத்தியா?" என்று கேட்டால், "நீ எடுத்ததைத் திறந்து பார்த்தியா?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள் :-)