கோலும் கணக்கும்

அரசின் கையில் கோல் இருத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். கள்வரும் கொலைஞரும் அறவே இல்லாத நாடு உலகில் இல்லை. ஆகவே காவலர் இன்றியும் அமையாது. ஆனால், அக்கோல் எவர்மேல் விழுந்தது, எதற்காக விழுந்தது என்று கேட்குமிடத்து விடையிறுக்கும் கடப்பாடு அதனை ஏந்தியவனுக்கு உண்டா? அது செங்கோலா, கொடுங்கோலா என்பதைத் தீர்மானிப்பது அவ்வொரு வினாவே.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையைப் பாடஞ் சொல்லுந்தோறும் மாணவர்க்கு ஒன்றை எடுத்துக்காட்டுவது என் வழக்கம். கோவலனைக் கண்ட காவலர் எல்லாரும் வாளை உருவவில்லை. இவன் கள்வனல்லன் என்று ஐயுற்றவரும் அவருள் இருந்தனர். பொற்கொல்லன் பேச்சு அவ்வையத்தை அடக்கிற்று. கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசினான். பின்னர்ப் பாண்டியன் அக்காவலன்மேல் பழியைச் சுமத்தித் தான் தப்ப முயலவில்லை. அவனுக்கு உண்மையை உணர்த்தியது எது? கண்ணகி கையிலிருந்த ஒற்றைச் சிலம்பு. அவளிடம் சான்று இருந்தது. அவையில் நின்று வழக்குரைக்க மொழியும் இருந்தது. இவ்விரண்டும் இல்லாத கண்ணகியர் நம் நாட்டில் எத்துணைப் பேர்!

2023 மே மாதத்தில், நகை திருடினார் என்ற முறைப்பாட்டின்மேல் கொழும்பு வெலிக்கடைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பதுளைப் பக்கத்துப் பணிப்பெண் ஒருவர், தடுப்பில் இருக்கையிலேயே உயிர் நீத்தார். மலையகம் இத்தகைய துயரைப் புதிதாக அறிந்ததன்று. 1940இல் முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணனும் பொலிஸார் சூட்டுக்கு இரையாயினர். இன வேற்றுமை கொண்டும் இதனை அளந்துவிட இயலாது. நம் கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையில், 2022 ஏப்ரல் 19ஆம் நாள், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து நின்ற மக்கள்மீது பொலிஸார் சுட்டனர். அங்கே மடிந்தவர் சிங்களவர். துப்பாக்கிக் குண்டு மொழி பார்ப்பதில்லை.

சட்டம் இல்லையா எனின், உண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாக விலக்குகிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், சித்திரவதை செய்தவனுக்கு ஏழாண்டிற்குக் குறையாத, பத்தாண்டிற்கு மேற்படாத சிறையை விதிக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். 2010இல் நிகழ்ந்த ஒரு சித்திரவதைக்குப் பின்னாளைய பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோன் பொறுப்பாளி என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது 2023 டிசம்பரில். நீதி வந்தது, வந்து சேரப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. தோட்டத்து லயத்திலிருந்து கொழும்பு நீதிமன்றம் வரை நடக்க ஒரு மாதத் தவணை போதுமா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்க.

குண்டாந்தடியின் அடி தழும்பையாவது விட்டுச் செல்லும். பிற நாட்டுப் பொலிஸார் பலர் இன்று ஏந்தும் மின்னதிர்ச்சித் துப்பாக்கியோ, இரு சிறு ஊசிகளைப் பாய்ச்சி, மின்சாரத்தால் தசைகளை முடக்கி ஆளை வீழ்த்துவது. அது விட்டுச்செல்லும் தடயம் மிகச் சிறிது. 2007 அக்டோபரில், கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில், போலந்து மொழி மட்டுமே அறிந்த றொபேட் ஜெக்கான்ஸ்கி என்பார் பல மணி நேரம் வழி தெரியாது அலைந்து மனங்கலங்கி நின்றார். அங்கு வந்த பொலிஸார் நால்வர் அவர்மேல் அக்கருவியை ஐந்து முறை இயக்கினர். அவர் அவ்விடத்திலேயே இறந்தார். பொலிஸார் சொன்ன கதை ஒன்று. அருகிருந்த பயணி ஒருவர் பிடித்த படம் காட்டியது வேறொன்று. நால்வருள் இருவர் பின்னர்ப் பொய்ச்சாட்சியத்திற்காகத் தண்டனை பெற்றனர். விசாரணை ஆணையத்தின் பரிந்துரையால், பொலிஸாரைச் சாராத புலனாய்வு அலுவலகம் ஒன்று அம்மாகாணத்தில் 2012இல் எழுந்தது. அப்படமே அங்குச் சிலம்பாயிற்று என்க.

மொழியறியாமையால் ஓர் உயிர் போன அக்கதை நமக்கு அயலன்று. இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் பொலிஸ் நிலையப் பதிவேடு பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. தாம் சொன்னது யாது, எழுதப்பட்டது யாது என்றறியாமல் அதன் அடியில் ஒப்பமிட்டு வருவார் நம்மவருள் பலர். தமிழில் அலுவல் நடத்தும் உரிமையை 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் ஏட்டில் தந்துள்ளது. அது நிலையத்து மேசை வரை வந்து சேரவில்லை.

தோட்டத் தொழிலாளியின் வாழ்வு முழுவதும் கணக்கே. பிரட்டுக்களத்தில் தொடங்கும் கணக்கு, கொழுந்து நிறுக்கும் தராசிலும் இறப்பர்ப் பால் அளக்கும் வாளியிலும் தொடர்கிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். ஒரு கிலோக் கொழுந்துக்கு எழுத்தில் கணக்கு வைக்கத் தெரிந்த நாட்டிற்கு, ஒரு மனிதன்மேல் விழுந்த அடிக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா?

வேண்டுவன சிலவே. வன்மையைப் பயன்படுத்திய பொலிஸ் அலுவலர், எவர் ஆணையால், என்ன காரணத்தால், எத்தனை முறை பயன்படுத்தினார் என்பதை அன்றே எழுதுதல் வேண்டும். பாதிக்கப்பட்டவரை மருத்துவர் உடனே பார்த்தல் வேண்டும். அவருடைய வாக்குமூலம் அவர்தம் மொழியில் பதியப்பட்டு, ஒரு படி அவர் கையிற் சேர்தல் வேண்டும். உயிரிழப்போ கடுங்காயமோ நேரின், பொலிஸாரைச் சாராதவரே விசாரித்தல் வேண்டும். மின்னதிர்ச்சித் துப்பாக்கி போன்ற புதுக்கருவி எதனையும் காவலர் கையில் கொடுக்குமுன், அதற்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறுதல் வேண்டும். இத்தகைய கருவிகள் இயக்கப்பட்ட நேரத்தைத் தம்முள்ளேயே பதிந்துவைக்க வல்லன. அப்பதிவு நீதிமன்றத்திற்கு உரியதாதல் வேண்டும்.

இவையெல்லாம் காவலரின் கையைக் கட்டிவிடும் என்பர் சிலர். வெறிகொண்ட கும்பலின் முன் நிற்கும் காவலரின் இடரை யாம் அறியாதவரல்லேம். கணக்கு, பொய்யனுக்கே பகை. நேர்மையான காவலருக்கு அதுவே கவசம். வீண்பழி வருங்கால் அவரைக் காப்பதும் அவ்வேடே.

திருவள்ளுவர் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமைக்கும் ஓரதிகாரம் வகுத்தார். அதனை மனப்பாடஞ் செய்விக்கும் ஆசிரியர், வாக்குமூலத்தைத் தமிழில் கேட்டுப்பெறும் உரிமை உண்டு என்பதையும் மாணவர்க்கு உடன் உரைப்பாராக. அம்மாணவன் நாளை தன் தந்தையோடு பொலிஸ் நிலையப் படியேற நேரின், அவன் கையில் ஒரு சிலம்பாவது இருக்கும்.