போகரை விட்டுவிடுங்கள், ஐயா

இந்த மாதம் மட்டும் 'போகர் வாழ்க்கை வரலாறு' என்று நாலு காணொளி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. வாங்கிப் படித்த புத்தகங்கள் தனி. ஒன்றில் அவர் சீனர், இங்கே வந்து தமிழரானார். இன்னொன்றில் தமிழர், சீனாவுக்குப் போய்ப் பாடம் நடத்தினார். மூன்றாவதில் லாவோட்சுவே அவர்தான். எந்தச் சாதியில் பிறந்தார் என்று ஆளாளுக்கு அடித்துச் சொல்கிறார்கள். ஒருவர் சொன்ன சாதியை அடுத்தவர் சொல்வதில்லை.

சப்தகாண்டம் ஏழாயிரத்தில் நீராவிக் கப்பல் வருகிறதாம். ஆகவே ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே போகர் அதைச் செய்துவிட்டாராம். பாட்டில் ரயில் வந்தால் பாடியவர் ரயில் காலத்து ஆள் என்றுதானே நாம் சொல்வோம்? அந்த நூலின் தமிழே பழந்தமிழ் இல்லை. குருவின் பெயரில் சீடர் பரம்பரை பாடிச் சேர்ப்பது சித்தர் மரபில் சகஜம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அதை மறைத்துவிட்டு விமானம் ஓட்டியதாக எழுதுவதுதான் கேவலம்.

கதையோடு நின்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எல்லாக் காணொளியும் கடைசியில் ஒரு கைப்பேசி எண்ணில் போய் முடிகிறது. நவபாஷாண மணி, நவபாஷாண லிங்கம். ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் குடிக்க வேண்டுமாம். என்னிடம் படித்த பையன் ஒருவன் தன் அம்மாவுக்கு இதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறான், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு. பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மார்க் வாங்கியவன்!

வீரமும் பூரமும் பாதரச உப்புகள். லிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. தாளகத்திலும் மனோசிலையிலும் இருப்பது ஆர்செனிக். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது, நாக்குக்குத் தெரியாது. மணியிலிருந்து ஒன்றும் கரையவில்லை என்றால் நீங்கள் குடித்தது வெறும் தண்ணீர். கரைந்தால் விஷம். 'கட்டிய பாஷாணம், ஒன்றும் செய்யாது' என்று விற்கிறவர் சொல்வார். எந்த ஆய்வகத்தில் சோதித்தார் என்று கேளுங்கள். சுத்தி செய்யாத பாஷாணத்தைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னவர்கள் சித்தர்கள்தான். போகர் பெயரைச் சொல்லியே அதைக் காற்றில் விடுகிறார்கள்.

கொடைக்கானல் போகிறவர்கள் பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு வருகிறார்கள். அந்தச் சிலையையும் போகர்தான் நவபாஷாணத்தில் செய்தார் என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. கும்பிடட்டும், நானும் கும்பிடுகிறவன்தான். கும்பிடுவது வேறு, கரைத்துக் குடிப்பது வேறு.

இத்தனை வரலாற்றிலும் யாரும் எழுதாத ஒரு வரலாறு இருக்கிறது. பழனி மலைமேல் தென்மேற்குப் பிரகாரத்தில் போகர் சமாதி. அவருடைய சீடர் புலிப்பாணி. முருகனுக்குப் பூசை செய்துவந்தது அந்தப் புலிப்பாணி வழிவந்த பண்டாரங்கள் என்கிறது கோயில் வரலாறு. 17ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கர் காலத்தில், தளபதி இராமப்பய்யன் மலைக்கு வந்தார். பண்டாரத்தின் கையால் பிரசாதம் வாங்குவதா என்று அவருக்குத் தோன்றியது. கொடுமுடியிலிருந்து குருக்கள்மாரை வரவழைத்துப் பூசையை அவர்களிடம் கொடுத்தார். புலிப்பாணி வழியினருக்குச் சில மரியாதைகளும் போகர் சமாதிப் பூசையும் மிஞ்சின. இன்றைக்கும் அங்கே பூசை அவர்களுடையதுதான்.

சிலையைச் செய்தவரின் சீடர் பரம்பரை அந்தச் சிலையைத் தொட முடியாமல் போனது எப்படி? போகரின் வாரிசுச் சொத்து என்று ஏதாவது இருந்தால் அதைப் பற்றிய கேள்வி இதுதான். சீனாவுக்கு எந்த வழியாகப் பறந்தார் என்று நாற்பது பக்கம் எழுதுகிறவருக்கு, தண்டாயுதபாணி சன்னதியிலிருந்து போகர் சமாதி வரை நாலு எட்டு நடக்க நேரமில்லை. நடந்தால் சாதியைப் பேச வேண்டிவரும். மணி விற்காது.

அந்தப் பையனுக்கு நேற்றே போன் போட்டுவிட்டேன். மணியைத் தண்ணீரிலிருந்து எடு, டாக்டரிடம் அம்மாவை அழைத்துப் போ, மணியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு என்றேன். உங்கள் வீட்டில் யாராவது குடித்துக்கொண்டிருந்தால் நீங்களும் இதையே செய்யுங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் கீழே தாராளமாகத் திட்டலாம், ஆனால் முதலில் அந்தச் சொம்பைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.